ஒரு துளி எண்ணெய்க்கு இரண்டு மொட்டை

அந்த வெள்ளிக்கிழமை மதியம் அறிவியல் அறையில் இருந்தவர்கள்: தலைமையாசிரியர், அறிவியல் டீச்சர், தினேஷ், யாழினி, நான். ஜன்னல் கம்பிக்கு வெளியே ரோபோ குழுவைச் சேர்ந்த நான்கு பேர், நாங்கள் தோற்பதைப் பார்ப்பதற்கென்றே சாப்பாட்டை விட்டுவிட்டு நின்றிருந்தார்கள். அப்பா இல்லை. அந்த நேரத்தில் அவர் ஜார்ஜ் டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவில், கடலைக் கடக்கும் ஃபெரியின் எஞ்சின் அறையில் இருந்தார். அம்மாவும் இல்லை. முந்தின நாள் இரவிலிருந்தே அவர் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். இல்லாதவற்றில் இன்னும் ஒன்று உண்டு. தினேஷ் தலையிலும் என் தலையிலும் முடி இல்லை.

அப்போது நாங்கள் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தோம். தமிழ்ப்பள்ளிகளுக்கிடையே ஓர் அறிவியல் போட்டி வந்தது. ஒரு பள்ளிக்கு ஒரு குழுதான். எங்கள் பள்ளியில் இரண்டு குழுக்கள் இருந்தன. ரோபோ குழுவுக்குப் பெற்றோர்கள் பெட்டி பெட்டியாகச் சாமான்கள் வாங்கித் தந்திருந்தார்கள். அவர்களுடைய ரோபோ நான்கு சக்கரத்தில் ஓடி, சுவரில் முட்டி, 'பீப்' என்று கத்திவிட்டுத் திரும்பும். எங்களிடம் இருந்தது ஓர் அகலமான தட்டு, ஒரு டப்பா முகப்பவுடர், இருமல் மருந்து பாட்டிலில் கொஞ்சம் பழைய எஞ்சின் எண்ணெய். எண்ணெய் அப்பா கொடுத்தது. கடலில் எண்ணெய் கொட்டினால் எப்படிப் பரவுகிறது என்பதைக் காட்டுவதுதான் எங்கள் பரிசோதனை.

செய்முறை எளிது. தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது ஆடாமல் நின்றதும் மெல்லிய துணியில் பவுடரைக் கட்டித் தட்டி, தண்ணீரின் மேல் பனி மாதிரித் தூவ வேண்டும். பிறகு பல்குச்சியின் நுனியில் ஒரே ஒரு துளி எண்ணெயை எடுத்து நடுவில் வைக்க வேண்டும். வைத்த மறுகணம் பவுடர் நாலா பக்கமும் விலகி ஓடும். நடுவில் வட்டமாகத் தெளிந்த தண்ணீர் தெரியும். எண்ணெய் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லிசாகப் போய்விட்டாலும், அது எதுவரை போனது என்பதைப் பவுடர் காட்டிக்கொடுத்துவிடும். அடிக்கோல் வைத்து அளந்து எழுத வேண்டியதுதான்.

டீச்சர் முதல் முறை செய்து காட்டியபோது நான் கத்தியே விட்டேன். ஒரு துளி! ஒரே ஒரு துளி! வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அதைச் சொன்னபோது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். எங்கள் வீட்டில் அப்பா இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போனவர். அம்மாவுக்கு அதுவும் இல்லை. நான் ஐந்தாம் ஆண்டு வரை வந்துவிட்டதே அவர்களுக்கு ஒரு பெரிய படிப்பாகத்தான் பட்டது.

"ஒரு துளி அவ்ளோ தூரமா போவுது? நாங்க துணியில தொடைக்கிறது எத்தன துளி தெரியுமா?" என்றார் அப்பா. "போட்டி என்னைக்கு?"

அடுத்த வாரத்துச் சனிக்கிழமை என்றேன். மறுநாளே அவர் தன் சனிக்கிழமை ஷிஃப்ட்டை வேறொருவரிடம் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். நாங்கள் இன்னும் தேர்வாகவில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். தலைமையாசிரியருக்கு ரோபோமேல்தான் மனம். "கண்ணுக்கு அழகா ஓடுது பாருங்க டீச்சர்," என்பார். எங்கள் டீச்சர்தான் விடாமல் வாதாடி, அந்தப் புதன்கிழமை எங்கள் பரிசோதனையை நேரில் பார்க்க அவரை ஒப்புக்கொள்ள வைத்திருந்தார். அது ஓடாவிட்டால் அப்பாவிடம் என்ன சொல்வது என்ற பயம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

புதன்கிழமை ஓடவில்லை.

தலைமையாசிரியர் பார்க்க வருகிறார் என்பதால் மூன்று வீட்டு அம்மாக்களும் அன்று காலையில் எங்கள் தலையில் தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்து, படிய வாரி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் மூவரும் பளபளவென்று இருந்தோம். பவுடர் பறந்துவிடும் என்பதற்காக மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். புழுக்கம் தாங்கவில்லை. தூவிய பவுடரை மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே, யாரும் எதுவும் போடாமலேயே, என் பக்கத்தில் பவுடர் பிளந்துகொண்டு ஓடியது. தண்ணீரை மாற்றித் திரும்பத் தூவினோம். இந்த முறை தினேஷ் பக்கத்தில் பிளந்தது. சரி, இருப்பதைக் கொண்டு செய்வோம் என்று நடுவில் எண்ணெயை வைத்தால், அது கறுப்புப் பொட்டு மாதிரி வைத்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

"பரவும்னு சொன்னீங்க, இது தூங்குது," என்றார் தலைமையாசிரியர். ஜன்னலுக்கு வெளியே ஒருவன் 'பீப்' என்று கத்தினான். மற்ற மூவரும் சிரித்தார்கள். டீச்சர் முகம் சிவந்துவிட்டது. தலைமையாசிரியர் கெட்டவர் அல்ல. "வெள்ளிக்கிழம இன்னொரு தடவ வரேன். அன்னைக்கும் இப்படித்தான்னா ரோபோதான், டீச்சர்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் யாழினி. மற்றவர்கள் போன பிறகு தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் தூவி, சோப்பால் கழுவிய விரலை நனைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. "தினேஷ், தலையச் சொறிஞ்சிட்டு இப்ப நீ வை," என்றாள். அவன் சொறிந்துவிட்டு விரல் நுனியை வைத்தானோ இல்லையோ, நாய் துரத்தியது போலப் பவுடர் தட்டின் ஓரத்துக்கு ஓடியது. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திரும்பத் திரும்பத் தலையைச் சொறிந்து சொறிந்து வைத்துப் பார்த்தோம். அப்புறம்தான் சிரிப்பு அடங்கியது. குனிந்து பார்த்தபோது நெற்றியிலிருந்து வழிந்த வியர்வையில் தேங்காய் எண்ணெய் இருந்திருக்கிறது. எங்கள் எண்ணெய் போய்ச் சேர்வதற்கு முன்பே எங்கள் தலைகள் எண்ணெய் கொட்டிவிட்டன. நாங்களே மூன்று ஓட்டைக் கப்பல்கள்.

தலைக்கு எண்ணெய் வைக்காமல் வந்தால் முடிந்தது என்று இப்போது தோன்றும். அது எங்கள் வீட்டு அம்மாக்களைத் தெரியாதவர்கள் சொல்வது. வியாழக்கிழமை காலை நான் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"ம்மா, நாளைக்கு மட்டும் எண்ண வேணாம்மா."

"எண்ண வைக்காம அனுப்பி, இந்தப் புள்ளைக்கு அம்மா இல்ல போலருக்குன்னு உங்க டீச்சர் நெனைக்கவா? தலையக் குனி."

குனிந்தேன். தினேஷ் வீட்டிலும் இதுவேதான் நடந்ததாம். கழுவினால் திரும்ப வைப்பார்கள். ஓடினால் வாசலில் பிடித்து வைப்பார்கள். முடி இருக்கும்வரை எண்ணெய் இருக்கும் என்பதை அன்றைய இடைவேளையில் இருவரும் அறிவியல் முறைப்படி முடிவுசெய்தோம். அதற்கு அடுத்த படி என்ன என்பது தானாகவே வந்துவிட்டது. யாழினியிடம் சொன்னபோது அவள் தன் இரட்டைச் சடையைக் கையில் பிடித்துக்கொண்டு, "பைத்தியமாடா ரெண்டு பேருக்கும்? எனக்கு வேற வழி இருக்கு," என்றாள். என்ன வழி என்று நாங்கள் கேட்கவில்லை. பெண் பிள்ளைகளின் வழி நமக்கெதற்கு என்று விட்டுவிட்டோம்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில் எங்களுக்குத் தெரிந்த முடிவெட்டும் கடை ஒன்று இருந்தது. கண்ணாடிக்கு மேலே முருகன் படம், அதற்குப் பூமாலை. பள்ளிக்கூடம் விட்டதும் இருவரும் போய் நின்றோம்.

"மொட்டையா?" கடைக்கார அண்ணன் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "தைப்பூசம் முடிஞ்சு எத்தன மாசம் ஆச்சு தம்பி?"

"வேண்டுதல்ணே," என்றான் தினேஷ்.

"எந்தச் சாமிக்கு?"

தினேஷ் என்னைப் பார்த்தான். நான் கண்ணாடிக்கு மேலே பார்த்தேன். "முருகனுக்கு," என்றேன்.

"அப்ப தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போயில்ல எடுக்கணும்?"

"நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குண்ணே."

"அலாமாக்! முருகனுக்கே டைம்டேபிள் போட்டுட்டீங்களா லா. ஏறி உக்காரு."

ஆளுக்கு ஐந்து வெள்ளி கொடுத்தோம். வெளியே வந்ததும் தலையில் காற்று பட்டது. அதை எப்படிச் சொல்வது? தலைக்கு உள்ளேயே காற்று போய் வருவது போலிருந்தது. ஒருவர் தலையை ஒருவர் தடவிப் பார்த்துக்கொண்டே வீடு வந்தோம். அடுக்குமாடியின் கீழே மூன்றாம் மாடி அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. "ஐயோ, இந்த வயசுலயா," என்று மட்டும் சொல்லிவிட்டு, மாடியேறிப் போய் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். மொட்டை போட்டால் பிஸ்கட் கிடைக்கும் போலிருக்கிறது என்று நான் மகிழ்ந்துபோனேன்.

எங்களில் ஒரு பையன் மொட்டையாக வந்தால் அதற்கு இரண்டே காரணங்கள்தான். ஒன்று கோயில். அப்படியென்றால் தலையில் சந்தனம் இருக்கும். சந்தனம் இல்லாத மொட்டை என்றால் அவன் அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது. அக்காவின் கணவர் ஃபெரித் துறையில் வேலை செய்தவர். அக்கா அவருக்கு அழைத்துச் சொல்லியிருக்கிறார். அவர் பதறிப்போய் அக்கரைத் துறையில் இருந்த தொலைபேசிக்கு அடித்திருக்கிறார். அந்த நேரம் ஃபெரி அக்கரையில் நின்றிருந்தது. தண்ணீர் குடிக்க மேலே வந்த அப்பாதான் அதை எடுத்தாராம்.

"அண்ணே, எஞ்சின் ரூம்ல இருந்தவரு போயிட்டாராமே? எப்ப எடுக்கறாங்க?"

"யாரச் சொல்றீங்க?"

"அதான் லா, சுருட்ட முடி வெச்சிருப்பாரே. நல்ல மனுஷன்."

"அந்த நல்ல மனுஷன்தான் பேசறேன்," என்றாராம் அப்பா.

அன்று இரவு அவர் படி ஏறி வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். உள்ளே அம்மா அழுதுகொண்டிருந்தார். கதவைத் திறந்து என்னைப் பார்த்த கணத்திலிருந்து அம்மா அழுதுகொண்டேதான் இருந்தார். "நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப இவன் மொட்ட அடிச்சிட்டு வந்து நிக்கறான் பாருங்க!" அப்பா என் தலையைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு எதிரே உட்கார்ந்து, ஏன் என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வியர்வை, பவுடர், தினேஷின் விரல், ரோபோ, தலைமையாசிரியர், நாங்கள் இன்னும் தேர்வாகவே இல்லை என்பது, எல்லாம். ஷிஃப்ட் மாற்றியதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப நாளைக்கு ஓடுமா?"

"ஓடும்ப்பா."

அதோடு முடிந்திருக்கும். அம்மாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடையில சும்மாவா எடுத்து விட்டாங்க? என்ன சொல்லி எடுத்த?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லும் வேகத்தில் நான் இருந்தேன். முருகனுக்கு வேண்டுதல் என்று சொன்னேன் என்றேன்.

அப்பாவும் சிரிப்பதை நிறுத்திவிட்டார். "முருகன் பேரச் சொல்லிட்டு, முடியக் கடைக் குப்பையில போட்டுட்டு வந்தியா?" என்றார் அம்மா. அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையிலும் பேசாமலேயே என் தலை முழுக்கச் சந்தனம் அப்பி அனுப்பினார். அதில் என்ன கலந்திருக்குமோ என்று நான் பள்ளிக்கூடக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். அறிவியலுக்காக ஒரு நாளில் இரண்டாவது பாவம் செய்கிறோம் என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

யாழினி வந்தாள். தலைக்குக் குளித்துவிட்டு, சடையைச் சுருட்டிக் கொண்டை போட்டு, குளிக்கும்போது மாட்டும் பிளாஸ்டிக் தொப்பியை அதன்மேல் இழுத்து விட்டிருந்தாள். அவள் அம்மா துப்புரவு வேலை செய்யும் ஹோட்டலில் கொடுத்தது. பளிச்சென்று வெள்ளை. டீச்சர் அந்தத் தொப்பியைப் பார்த்தார். எங்கள் இரண்டு தலைகளையும் பார்த்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்டா, ஒரு தொப்பி போதாதாடா?"

தினேஷும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு நாட்களாக யோசித்தும் அது எங்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

தலைமையாசிரியர் உள்ளே வந்தவர் வாசலிலேயே நின்றார். அவருக்கு இயற்கையாகவே முடி கிடையாது. நாங்கள் தன்னைக் கிண்டல் செய்கிறோமோ என்று தன் தலையை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார். "இது என்ன கோலம்?" என்றார்.

"கட்டுப்படுத்தப்பட்ட மாறி, சார்," என்றார் டீச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. பரிசோதனையில் மாறவிடாமல் பிடித்து வைக்க வேண்டியதற்குப் பாடப்புத்தகம் வைத்த பெயர் அது. என் தலைக்கு அவ்வளவு மரியாதையான பெயரை அதற்கு முன்பு யாரும் வைத்ததில்லை.

மின்விசிறியை நிறுத்தினோம். தண்ணீர் அடங்கியது. யாழினி பவுடரைத் தூவினாள். தட்டு முழுக்க வெள்ளை, ஒரு கீறல் இல்லை. மூவரும் குனிந்தோம். புழுக்கத்தில் என் மொட்டைத் தலையில் வியர்வை திரள்வதை உணர முடிந்தது. அது நகர்ந்து, நெற்றிக்கு வந்து, மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கலாம் என்றால் கையில் எண்ணெய்க் குச்சி. பின்வாங்குவதற்குள் சொட்டிவிட்டது.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னலில் நான்கு முகங்களும் கம்பியோடு ஒட்டின.

பவுடர் ஒரு முறை நெளிந்தது. பிறகு ஒன்றுமே நடக்காதது போலத் தன் இடத்துக்கு வந்து படுத்துக்கொண்டது.

"வைடா!" என்றான் தினேஷ். நான் நடுவில் துளியை வைத்தேன். வெள்ளை முழுவதும் ஒரே நேரத்தில் பின்வாங்கியது. நடுவில் ஒரு வட்டம் திறந்தது, விரிந்தது, விரிந்துகொண்டே போனது. அதன்மேல் வானவில் நிறம் மினுங்கியது. தினேஷ் அடிக்கோலை மேலே பிடித்து அளவைக் கத்தினான். யாழினி எழுதினாள். தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, எங்கள் தலைகளோடு தன் தலையையும் சேர்த்துக் குனிந்தார். நான்காவது தலையும் எண்ணெய் இல்லாத தலையாக இருந்ததில் எனக்கு மிகுந்த நிம்மதி.

"ஒரே துளிதானா?" என்றார்.

"ஒரே துளி சார். எங்கப்பா வேல செய்ற கடல்ல ஒரு டின் கவுந்தா எவ்ளோ தூரம் போகும்னு பாருங்க சார்."

அவர் "இன்னொரு தடவ செய்," என்றார். நான்கு தடவை செய்ய வைத்தார். நான்காவது தடவை குச்சியைத் தானே வாங்கிக்கொண்டார். ரோபோ குழு அதற்குள் சாப்பிடப் போய்விட்டது.

போட்டியில் மூன்றாவதாக வந்தோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் கடைசி வரிசையில் நின்று, எங்களுக்கு மட்டுமல்லாமல் மற்ற எல்லாக் குழுக்களுக்கும்கூடக் கைதட்டினார். ஆனால் எனக்கு அதைவிட நன்றாக நினைவிருப்பது அதற்கு முன் வந்த ஞாயிற்றுக்கிழமை.

முருகன் பெயரைச் சொல்லி எடுத்த முடி முருகனுக்குப் போகவில்லை. அதைச் சரிசெய்யாமல் என்னைப் போட்டிக்கு அனுப்ப முடியாது என்று அம்மா சொல்லிவிட்டார். கொடுப்பதற்கு என் தலையில் ஒன்றும் மிச்சமில்லை. அது வளரும்வரை போட்டி காத்திருக்காது. அப்பா தன் பின் பையிலிருந்து சீப்பை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என்னுத எடுத்துக்கட்டும்," என்றார்.

அந்தச் சுருட்டை முடியை அப்பா எவ்வளவு ஆசையாக வைத்திருந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மா முதலில் வேண்டாம் என்றார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அப்பனும் மவனும் ஒரே சாயலாவாச்சும் இருங்க," என்றார். மூன்று நாட்கள் கழித்து அம்மா என்னையும் சேர்த்துப் பேசிய பேச்சு அது.

தண்ணீர்மலை அடிவாரத்தில் முடி எடுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "வேண்டுதல் யாரோடது?" என்று கேட்டார்.

"பையனோடது," என்றார் அப்பா.

"என்ன வேண்டுதல் தம்பி?"

இன்னொரு பொய் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. "எண்ணெய் பரவணும்னு," என்றேன்.

அவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்பாவின் தோள் குலுங்கியது. "சிரிக்காதீங்கண்ணே, வெட்டிரும்," என்றார் அவர். சுருள் சுருளாக முடி விழுந்தது. அடியிலிருந்து வெளிவந்த தலை சின்னதாக, வெளுப்பாக, எனக்குத் தெரியாத யாரோ ஒரு பையனுடையது போல இருந்தது. சந்தனம் பூசிக்கொண்டு இருவரும் படி ஏறினோம். அம்மா பின்னால் வந்துகொண்டே எங்கள் இரண்டு தலைகளையும் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

இறங்கி வந்த பிறகு கீழே ஒரு கடையில் தேநீர் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். கூட்டம் அதிகம். அப்பா விரலை மடக்கினார்.

"கடையில உன் மொட்ட அஞ்சு. இங்க என் மொட்ட பத்து. அர்ச்சனத் தட்டு, மால எல்லாம் சேத்துப் பத்தொம்போது. சந்தனம் ரெண்டு. டாக்சி போக வர இருவத்தி நாலு. அப்பறம் நேத்து ஃபெரியில நம்ம பசங்க, செத்துப் பொழைச்சியே மீ கோரெங் எங்கன்னு புடுங்கித் தின்னானுங்களே, அது முப்பத்தி எட்டரை. மொத்தம் எவ்ளோ? எனக்குக் கணக்கு வராதுப்பா. நீ படிச்சவன், நீ சொல்லு."

நான் அதை அப்படியே நம்பினேன். எஞ்சினுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் டீசல் போகிறது, எத்தனை நடைக்கு அது தாங்கும் என்பதையெல்லாம் அவர் தாளில்லாமல் மனத்திலேயே போட்டுச் சொல்பவர் என்று ஃபெரியில் அவரோடு இருந்தவர்கள் எனக்குச் சொன்னது பல வருடங்கள் கழித்துத்தான். அன்று, பாவம், அப்பாவுக்குக் கூட்டத் தெரியாது என்று வருத்தப்பட்டுக்கொண்டே மேசைமேல் விரலால் எழுதிக் கூட்டினேன். கூட்டி முடித்து மெதுவாகச் சொன்னேன்.

"கேக்கல," என்றார் அப்பா. "சத்தமாச் சொல்லு."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேநீர் கொண்டுவந்தவரும் நின்றார். அப்பா நாற்காலியில் சாய்ந்து, சந்தனத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: தொண்ணூற்றெட்டு வெள்ளி ஐம்பது காசு.